நற்சான்று

முடிச்சூர் சாலையோரம் ஒரு மின்கம்பத்தில் கட்டியிருந்த பேனரை, கடைக்குப் போகும்போதும் வரும்போதும் கோகிலவாணி நின்று படித்துவிட்டுத்தான் போவாள். வேலை தேடுகிறவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் இலவச வழிகாட்டுதல், பயோடேட்டா எழுதித் தரப்படும், இன்டர்வியூவுக்குப் பயிற்சி உண்டு, எல்லா மதத்தவரும் வரலாம் என்று போட்டிருந்தது. இடம், மேற்குத் தாம்பரத்தில் ஒரு சர்ச்சை ஒட்டிய சமுதாயக் கூடம்.

"போய்ப் பாரு," என்றான் அவள் புருஷன் பாலு. லோடு வண்டி ஓட்டுகிறவன். "மொதல்ல பயோடேட்டா எழுதுவாங்க. அப்பால ஞாயித்துக்கெழமையும் வாம்மான்னுவாங்க."

"வேல கெடச்சா ஞாயித்துக்கெழம இன்னா, தெனமும் போறேன்."

"வூட்ல கீற உனக்கு இப்ப இன்னா கொறஞ்சு போச்சு?"

என்ன குறைந்துபோயிற்று என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் அவனுக்கு விளங்காது. ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டுகள் தயாரிக்கிற ஒரு தொழிற்சாலையில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள் அவள். நீளப் பலகையில் வயர்களை வரிசையாக ஓட்டி, டேப் சுற்றி, முனைகளில் கிளிப் அடித்து அனுப்புகிற வேலை. சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்து லைன் லீடராக உயர்ந்தாள். ஒரு லைன் முழுக்கப் பெண்கள். அவள் சொல்லுக்கு நடந்தது அந்த லைன். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரத்து இருக்கை ஒன்று அவளுடையது, யாரும் அதில் உட்கார மாட்டார்கள். போன வருடம் அந்த லைனை மூடிவிட்டார்கள்.

மூடியதுகூடப் பரவாயில்லை, மூடிய விதம்தான் அவளுக்கு ஆறவில்லை. ஒரு மத்தியானம் லைன் முழுவதையும் கேண்டீனுக்கு வரச் சொன்னார்கள். எச்.ஆர். மேடம் ஜெரூஷா ஒரு காகிதக் கட்டோடு நின்றாள். 'சொந்தக் காரணங்களுக்காக வேலையை விடுகிறேன்' என்று அச்சடித்தே கொண்டுவந்திருந்தாள். "கையெழுத்துப் போட்டா நல்ல பேரோட போகலாம், அனுபவச் சான்றிதழ் கிடைக்கும். போடலேன்னா கம்பெனியே நீக்கும். அப்புறம் இந்த ஏரியாவுல ஒரு கேட்டும் உங்களுக்குத் திறக்காது" என்றாள். குரல் கொஞ்சமும் ஏறவில்லை. முதலில் கோகிலவாணியைத்தான் கூப்பிட்டாள். கோகிலவாணி போட்டுவிட்டாள். லீடரே போட்டுவிட்டாள் என்று மற்றவர்களும் வரிசையாக வந்து போட்டார்கள்.

பக்கத்துத் தெரு ஹேமாவதியும் அந்த வரிசையில் நின்றவள்தான். இப்போது தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு துணிக்கடையில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள். எதிரில் கோகிலவாணியைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

கோகிலவாணி சும்மா இருக்கவில்லை. படப்பை சாலையில் இருக்கிற ஆள் எடுக்கும் ஏஜென்சிகளில் எல்லாம் ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் வயதைக் கேட்டார்கள். நாற்பதை நெருங்குகிறது என்றதும் பேச்சு முடிந்துவிடும். ஒருத்தன், "உங்களுக்குப் பொண்ணு இருந்தா அனுப்புங்க ஆன்ட்டி, உடனே போட்டுடலாம்" என்றான். மற்றொருத்தன் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "நல்ல வேலையை நீங்களாத்தானே விட்டிருக்கீங்க? எங்க கிட்டயும் அப்படித்தானே விடுவீங்க?" என்று திருப்பிக் கொடுத்தான். அந்தச் சனிக்கிழமைதான் அவள் ஷேர் ஆட்டோ பிடித்து மேற்குத் தாம்பரம் போனாள்.

கூடத்தில் ஞாயிறு பள்ளி மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாசலில் ஏசுதாசன் என்கிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் டோக்கன் கொடுத்தார். முகாமை நடத்துகிறவர் அவர்தான். "ஃபேக்டரி வேலையா? அப்போ கடைசி மேசைக்குப் போங்கம்மா. பெரிய கம்பெனியில எச்.ஆரா இருந்தவங்க. நம்ம சபைதான். ஊழியமா வந்து செய்யறாங்க," என்றார் பெருமையாக.

கடைசி மேசையில் இருந்தவள் எதையோ எழுதிக்கொண்டே, "பேர் சொல்லுங்க," என்றாள்.

பதில் வராததால் நிமிர்ந்தாள். ஜெரூஷா.

முடி முன்பைவிட நரைத்திருந்தது. கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு இல்லை. மற்றபடி அதே முகம். அவளும் அடையாளம் கண்டுகொண்டாள் என்பது அந்தப் பேனா நின்றதில் தெரிந்தது.

"உக்காருங்க, கோகிலா."

"நீ இன்னா பண்ற இங்க?"

வேலை பார்த்த காலமெல்லாம் மேடம், நீங்க என்றே பேசியவள். 'நீ' என்று வாயில் வந்தது அவளுக்கே புதிதாக இருந்தது. வந்தது பிடித்தும் இருந்தது. அவள் திரும்பிக் கூடம் முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "இந்தம்மா யாருன்னு தெரியுமா உங்களுக்கு? ஒரு லைனையே கேண்டீன்ல நிக்க வெச்சி, நாங்களே வேலய வுட்டுட்டு போறோம்னு எழுதி வாங்கினவங்க. இங்க குந்திகினு வேல வாங்கித் தராங்களாம்!"

ஏசுதாசன் ஓடி வந்தார். "அம்மா, இது ஆலய வளாகம். சத்தம் போடாதீங்க."

"சத்தம் போடாமதான் சார் அன்னைக்குக் கையெழுத்து போட்டேன்."

"சிஸ்டர் அப்படியெல்லாம் செய்யறவங்க இல்லம்மா. நீங்க ஏதோ தப்பா…"

"அவங்க சொல்றது சரிதான் சார்," என்றாள் ஜெரூஷா. அவள் கோகிலவாணியைப் பார்த்தாள். "சண்டை போடணும்னா வெளியில போலாம். வேலை வேணும்னா உக்காருங்க. ரெண்டையும் சேர்த்து என்னால முடியாது."

"என்னால முடியும்," என்று சொல்லி கோகிலவாணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஏசுதாசன் அவளை வேறு மேசைக்கு அனுப்பப் பார்த்தார். பக்கத்தில் ஐ.டி. கம்பெனிப் பையன் ஒருவன் இருக்கிறான், பொறுமைசாலி, அவனிடம் பேசலாம் என்றார். கோகிலவாணி அசையவில்லை. "வேலைய பிடுங்கினது இவங்க. இவங்களே தேடிக் குடுக்கட்டும் சார்."

ஜெரூஷா கையை நீட்டி அவளது பயோடேட்டாவை வாங்கினாள். ஜெராக்ஸ் கடையில் அடித்துக் கொடுத்தது. கடின உழைப்பாளி, நேர்மையானவர், விரைவில் கற்பவர் என்று மேலே கொட்டை எழுத்தில் இருந்தது. படித்துவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"இது யாரைப் பத்தி?"

"என்னப் பத்திதான்."

"உங்களைப் பத்தி இதுல ஒரு வரி இல்ல. இதைத் தெருவுல போற யாரும் எழுதிக்கலாம். புதுசா வர்ற பொண்ணு உங்க லைன்ல தனியா வேலை செய்ய எவ்வளவு நாள் ஆகும்?"

"அது உன் ரிப்போர்ட்லயே இருந்திருக்குமே."

"இருந்துது. மத்த லைனைவிடப் பாதி நாள். உங்க லைன்லதான் திருப்பி அனுப்பற மாலும் குறைவு. அதை எழுதுங்க."

"தெரியுமா உனக்கு? தெரிஞ்சிகினேதான் அனுப்பினியா?"

"தெரிஞ்சேதான். எந்த லைனுன்னு மேல இருந்து முடிவாகி வந்துது. ஆட்களை எப்படி அனுப்பறதுங்கறது மட்டும்தான் என் வேலை." பிறகு, கேட்காததையும் சொன்னாள். "உங்களை முதல்ல கூப்பிட்டதும் தெரிஞ்சுதான். நீங்க போட்டா மத்தவங்க பேசாம போடுவாங்க."

ஓங்கி ஒன்று விடலாமா என்று கோகிலவாணியின் கை மேசை மேலேயே யோசித்தது. மேசையின் இந்தப் பக்கம் ஒரு பேனா கிடந்தது. அதை எடுத்து, "சொல்லு, இன்னா எழுதணும்?" என்றாள்.

அடுத்த சனிக்கிழமையும் அவள் போனாள். அதற்கடுத்ததும். போகும்போதே ஆட்டோவில் அன்றைக்குச் சொல்லவேண்டிய வசவுகளை மனதில் அடுக்கிக்கொள்வாள். ஜெரூஷாவும் விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வராது. மற்ற மேசைகளில் ஜெபம் செய்து அனுப்புவார்கள், டீ கொடுப்பார்கள், தைரியம் சொல்வார்கள். கடைசி மேசையில் மட்டும் எப்போதும் வாக்குவாதம்.

இன்டர்வியூ பயிற்சி என்றால் ஜெரூஷா ஈவிரக்கம் இல்லாமல் கேட்பாள்.

"ஏன் பழைய வேலையை விட்டீங்க?"

"நீதான எழுதி வாங்கினே."

"அங்க போயி இதையே சொல்லுங்க. 'சரிம்மா, கூப்பிடறோம்'னு சொல்லி அனுப்பிடுவாங்க. நீங்களும் போன் எப்ப வரும்னு பார்த்துட்டு உக்காந்திருக்கலாம்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"உண்மையைச் சுருக்கிச் சொல்லச் சொல்றேன். கம்பெனி லைனை மூடிச்சு. அவ்வளவுதான். அழக்கூடாது, திட்டக்கூடாது. உங்க கோவம் அவங்களுக்குத் தேவையில்ல. அடுத்தது: வயசாயிடுச்சே, இனிமே நாள் பூரா நிக்க முடியுமா?"

"உன்னால முடியுமா?"

"என்னைக் கேக்கல. உங்களைக் கேக்கறேன்."

இப்படி ஒரு சனிக்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போது ஜெரூஷாவின் போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து வராந்தாவுக்குப் போனாள். ஜன்னல் திறந்திருந்ததால் கோகிலவாணிக்கு எல்லாம் கேட்டது. "இல்ல சார், நோட்டீஸ் பீரியட் எல்லாம் ஒண்ணும் இல்ல. நாளைக்கே வேணும்னாலும் ஜாயின் பண்ணிடுவேன்… அதுல கொஞ்சம் குறைச்சுக் குடுத்தாலும் பரவாயில்ல சார்… ஓ… சரி சார். இருக்கட்டும்."

திரும்பி வந்து உட்கார்ந்தவளைக் கோகிலவாணி உற்றுப் பார்த்தாள்.

"உன்னயும் தொரத்திட்டாங்களா?"

ஜெரூஷா பயோடேட்டாவை எடுத்து ஒழுங்காக அடுக்கினாள். "அடுத்த கேள்விக்குப் போலாமா?"

கோகிலவாணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சர்ச் கூடம் என்றும் பாராமல் சிரித்தாள். ஏசுதாசன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "எங்கள அனுப்பினப்புறமா? எங்கள அனுப்பி முடிச்ச கையோட உன்னயா? உன்னயும் கேண்டீன்ல நிக்க வெச்சாங்களா?"

"இல்ல. வீடியோ கால்ல சொன்னாங்க. கேமராகூட ஆன் பண்ணல." ஜெரூஷாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கழுத்து மட்டும் சிவந்திருந்தது. "சபையில பிரேக் எடுத்திருக்கேன்னு சொல்லியிருக்கேன். சாருக்குத் தெரியாது. போய்ச் சொல்றதுன்னா சொல்லிக்கோங்க. சிரிச்சு முடிச்சாச்சுன்னா, நாள் பூரா நிக்க முடியுமாங்கறதுக்குப் பதில் சொல்லுங்க."

கோகிலவாணி ஏசுதாசனிடம் சொல்லவில்லை. இரக்கப்பட்டு அல்ல. அந்த விஷயம் தன் கையில் மட்டும் இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

படப்பைக்கு அப்பால் ஏ.சி. இயந்திரங்களுக்கு வயர் செட் செய்கிற ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஜெரூஷாதான் கண்டுபிடித்துச் சொன்னாள். இன்டர்வியூ எடுத்தவர் பிளான்ட் மேனேஜர் தோத்தாத்ரி. மெலிந்த மனிதர், மென்மையாகப் பேசுகிறவர். பழைய வேலையை ஏன் விட்டாள் என்று கேட்டார். "கம்பெனி லைனை மூடிட்டாங்க சார்," என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். அழவில்லை, திட்டவில்லை.

"பொதுவா நாங்க பதினெட்டு, இருபது வயசுப் பொண்ணுங்களைத்தான் எடுக்கறதும்மா. அவங்க சுறுசுறுப்பா இருப்பாங்க. உங்களை எதுக்கு எடுக்கணும்? சொல்லுங்கோ."

இந்தக் கேள்வியை ஜெரூஷா இதைவிட மோசமாகக் கேட்டிருந்தாள். அதனால் இது வலிக்கவில்லை.

"உங்க கேட்ல 'பெண்கள் தேவை'ன்னு போர்டு தொங்குது சார். அதுல பாதி பெயின்ட் போயி வெயில்ல வெளுத்துகினு கீது. எறக்கறதே இல்லன்னு நெனக்கிறேன். வர்ற பொண்ணுங்க நிக்கறதில்ல, அதான? நான் நிப்பேன். ஓடற பொண்ணுங்களயும் நிக்க வெப்பேன்."

தோத்தாத்ரி சிரித்தார். காண்ட்ராக்டில் லைன் லீடராக எடுத்துக்கொண்டார்.

அந்த வாரச் சனிக்கிழமை கோகிலவாணி ஒரு ஸ்வீட் பாக்கெட்டோடு கூடத்துக்குப் போய் ஏசுதாசனிடம் கொடுத்தாள். கடைசி மேசையைத் தாண்டும்போது நின்றாள். "கெடச்சிட்சு. உன்கிட்ட சொல்ல வரல, சார்கிட்ட சொல்ல வந்தேன்."

"பர்மனென்ட்டா, காண்ட்ராக்டா?"

"காண்ட்ராக்ட்."

"படிச்சுப் பார்த்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

"உன் புண்ணியத்துல பஸ் டிக்கெட்டக்கூட ரெண்டு பக்கமும் படிக்கறேன்," என்றாள் கோகிலவாணி. ஜெரூஷாவுக்கு ஸ்வீட் கொடுக்கவில்லை.

ஹேமாவதியிடமும் போய், எங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், வருகிறாயா என்று கேட்டாள். ஹேமாவதி துணி மடித்துக்கொண்டே, "உன்னப் பாத்து ஒரு வாட்டி கையெழுத்து போட்டதே போதும்," என்றாள்.

மழைக்காலம் முடிகிற சமயம். தோத்தாத்ரி ஒரு நாள் கோகிலவாணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். வழக்கமாக அப்படிச் சொல்கிறவர் இல்லை.

"உங்க பழைய கம்பெனியில ஜெரூஷான்னு ஒரு எச்.ஆர். இருந்தாங்களா? இங்க அப்ளை பண்ணியிருக்காங்க. நீங்க அவங்களுக்குக் கீழ இருந்தவர். மனசுல பட்டதைச் சொல்லலாம், வெளியில போகாது. எப்படிப்பட்டவங்க?"

கோகிலவாணிக்கு உடம்பெல்லாம் ஒரு உற்சாகம் பரவியது. இத்தனை நாள் சர்ச் கூடத்தில் யார் காதிலும் ஏறாமல் போனது, கேட்கவேண்டியவர் காதுக்கே வந்துவிட்டது. அவள் சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். அச்சடித்துக் கொண்டுவந்த காகிதம், கேண்டீன், நயமாகப் பேசி மிரட்டியது, லீடரை முதலில் கூப்பிட்டது, ஒரு லைன் முழுவதையும் ஒரே மத்தியானத்தில் வெளியே அனுப்பியது.

"ஒரே மத்தியானத்திலயா?" என்றார் தோத்தாத்ரி.

"டீ டைமுக்குள்ள முடிஞ்சிட்சு சார்."

"யாரும் சண்டை கிண்டை போடலையா? யூனியன் ஆளுங்க வரலையா?"

"யாரும் வரல சார். கேட்ல ஒரு கோஷம் கெடயாது. நாங்க அழுதுகினே பஸ்ல ஏறிப் போனோம்."

"யாராவது கேஸ் போட்டாங்களா, பின்னாடி?"

"எப்பிடி சார் போடறது? நாங்களே வுட்டுட்டுப் போறோம்னுதான எழுதி வாங்கிட்டாங்க. மனசாட்சியே இல்லாத பொம்பள சார் அது. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல."

தோத்தாத்ரி தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டார். "ரொம்ப தேங்க்ஸ்மா. நீங்க சொன்னது ரொம்ப உபயோகமா இருந்துது."

அன்று மாலை பஸ்ஸில் வரும்போது கோகிலவாணிக்கு மனது லேசாக இருந்தது. இனி அந்தப் பொம்பளைக்கு இந்த ஏரியாவில் ஒரு கேட்டும் திறக்காது என்று நினைத்துக்கொண்டாள். பாலுவிடம் சொன்னபோது அவனும், "பின்ன? நல்லா வேணும்," என்றான்.

சில வாரம் கழித்து, காலை ஷிப்டுக்கு உள்ளே நுழைந்தபோது, செக்யூரிட்டி மேசை அருகே ஜெரூஷா நின்றிருந்தாள். கழுத்தில் புது ஐடி கார்டு. கோகிலவாணியின் கால் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த பெண்கள் அவள்மேல் முட்டிக்கொண்டார்கள்.

"நீ எப்பிடி உள்ள வந்தே?"

"நேத்து ஜாயின் பண்ணினேன்." ஜெரூஷா பெண்கள் கடந்து போகும்வரை காத்திருந்தாள். "மேனேஜர் சார் சொன்னார். வேற ரெண்டு பேரை இன்டர்வியூ பண்றதா இருந்தாராம். நீங்க பேசினதுக்கப்புறம் அவங்களைக் கூப்பிடவே இல்லையாம்."

"நான் உன்னத் திட்டினேன்."

"தெரியும். என்னென்ன திட்டினீங்கன்னும் சொன்னார். நீங்க சொன்னதுல ஒண்ணுகூடப் பொய் இல்ல. ஆனா அவர் தேடிட்டிருந்ததே அப்படி ஒரு ஆளைத்தான்."

"எதுக்குத் தேடினாரு?"

ஜெரூஷா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஷிப்டுக்கு நேரமாச்சு," என்றாள்.

அன்று முழுவதும் கோகிலவாணிக்கு வேலை ஓடவில்லை. ஒரு கம்பெனி எதற்காக அப்படிப்பட்ட ஆளைத் தேடும் என்று யாரும் அவளுக்கு விளக்கவேண்டியதில்லை. பலகைகளுக்கு முன்னால் வரிசையாக நிற்கிற பெண்களைப் பார்த்தாள். பாதிப் பேர் அவளே பயிற்சி கொடுத்து நிறுத்தியவர்கள். நிற்க வைப்பேன் என்று சொல்லி நிறுத்தி வைத்திருந்தாள்.

விஷயம் முடிச்சூருக்கும் எப்படியோ போய்விட்டது. ஹேமாவதி முதல்முறையாகத் தானே வந்து வாசலில் நின்றாள். "மறுபடியும் அவளுக்கு நீதான் கதவ தொறந்து வுட்டியாமே? ஒரு தடவ பத்தாதா உனக்கு?"

"ஆமாண்டி, நான்தான் தொறந்தேன்," என்றாள் கோகிலவாணி. அன்று ராத்திரி பாலு, "பேஜாரான எடம்டி அது, வுட்டுட்டு வந்துடு," என்று சொன்னபோது மட்டும் அவளுக்குக் கோபம் வந்தது. "எழுதி வாங்கினப்போ ஒரு வாட்டி வுட்டேன். திரும்பவும் நானாவே வுடணுமா?"

கம்பெனி கேண்டீன் வாசலில் கண்ணாடி போட்ட ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. தொழிலாளர் கமிட்டி என்று தலைப்புப் போட்டு, உறுப்பினர் பெயர்கள் ஒட்டியிருந்தார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் எல்லோரும் கை கழுவப் போவார்கள். கோகிலவாணி அதை முதல்முறையாக நின்று படித்தாள். பழைய ஆட்களிடம் விசாரித்தாள்; கமிட்டி என்று ஒன்று ஒழுங்காக இருந்தால் அதைக் கூப்பிட்டுப் பேசாமல் ஆட்களை அனுப்ப முடியாது என்றார்கள். பிறகு ஒவ்வொரு டீ நேரத்திலும் ஒவ்வொரு லைனாகப் போய்ப் பேசினாள். தன் பழைய கதையையும் மறைக்கவில்லை. "நான் மொதல்ல கையெழுத்து போட்டேன், என்னப் பாத்து எல்லாரும் போட்டாங்க. அதுக்குத்தான் லீடரத் தனியா கூப்புடறாங்க," என்றாள். சில பெண்கள் பயந்து விலகினார்கள். ஒருத்தி நேரே போய் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாள். ஆனாலும் ஒரு மத்தியானம் எல்லா லைனிலிருந்தும் சிலர் சேர்ந்து எச்.ஆர். அறைக்குள் நுழைந்தபோது, இடம் போதாமல் பாதிப் பேர் வெளியே நிற்கவேண்டியிருந்தது.

"கமிட்டிக்கு எலெக்ஷன் வெக்கணும்," என்றாள் கோகிலவாணி.

"கமிட்டி ஏற்கெனவே இருக்கே," என்றாள் ஜெரூஷா.

"போர்டுல கீது. அதுல பாதிப் பேர் வேலய வுட்டுட்டுப் போயிட்டாங்க. ஒருத்தர் செத்தே போயிட்டாரு. அவருக்கு வருஷத் தெவசமே முடிஞ்சிட்சு."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஜெரூஷா சிரிக்கவில்லை. "மேனேஜர் சார் ஒத்துக்க மாட்டார்."

"அவரு ஒத்துக்கற மாதிரி பேசறதுக்குத்தான உன்ன வெச்சிகிறாங்க? பேசு. நாங்க வெளிய நிக்கறோம். லைன் அது பாட்டுக்கு நிக்கட்டும்."

லைன் நிற்கிறது என்றால் என்ன நஷ்டம் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஜெரூஷா எழுந்து மேனேஜர் அறைக்குப் போனாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தோத்தாத்ரி கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதும், ஜெரூஷா அசையாமல் நிற்பதும் தெரிந்தது. திரும்பி வந்தவள் முகம் இறுகியிருந்தது. "அடுத்த மாசம் எலெக்ஷன். இப்ப லைனுக்குப் போங்க," என்றாள்.

எலெக்ஷனில் கோகிலவாணி ஜெயித்தாள்.

மார்ச்சில் எதிர்பார்த்தது வந்தது. ஒரு பெரிய ஆர்டர் கையைவிட்டுப் போயிற்று. ஆட்களைக் குறைக்கவேண்டும் என்று கமிட்டியைக் கூப்பிட்டுச் சொன்னாள் ஜெரூஷா. கேண்டீனில் இல்லை, காகிதக் கட்டு இல்லை. நீள மேசையின் அந்தப் பக்கம் அவளும் தோத்தாத்ரியும், இந்தப் பக்கம் கமிட்டிக்காரர்கள். அன்று மாலை இருட்டும்வரை பேச்சு நடந்தது. யாரும் தனியாகக் கூப்பிடப்படக் கூடாது, எந்தக் காகிதமும் வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டுத்தான் கையெழுத்து, 'சொந்தக் காரணம்' என்கிற வார்த்தை எங்கேயும் வரக் கூடாது என்றாள் கோகிலவாணி. தோத்தாத்ரி இரண்டு முறை எழுந்து வெளியே போனார். ஜெரூஷா ஒவ்வொரு வரிக்கும் மல்லுக்கு நின்றாள். அவள் பேசுவதைக் கேட்டால் அந்தக் கம்பெனி அவள் அப்பன் வீட்டுச் சொத்து என்று தோன்றும். கடைசியில் சிலரை வேறு லைனுக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. சிலர் போகத்தான் வேண்டியிருந்தது. ஆர்டர் இல்லாததால் கம்பெனியே நிறுத்தியது என்று அவர்கள் சான்றிதழில் எழுதிக் கொடுத்தார்கள்.

போனவர்களில் ஒருத்தி, சின்னப் பெண், கோகிலவாணியைப் பார்த்து, "நீங்க இருந்தும் இப்பிடி ஆச்சேக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வார்த்தை அவளை வெகுநாள் குத்திக்கொண்டிருந்தது.

இப்போதும் மாதம் ஒரு முறை கமிட்டி கூடுகிறது. கூட்டத்தில் கோகிலவாணியும் ஜெரூஷாவும் எதிரெதிரே உட்காருவார்கள். வெளியில் பார்த்தால் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒரு நாள் மழையில் ஜெரூஷா காரை நிறுத்தி, முடிச்சூர் வழியாகத்தான் போகிறேன், ஏறுங்கள் என்றாள். கோகிலவாணி குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தாள்.

கடைசியாக நடந்த கூட்டத்தில் முதல் விஷயம் கழிப்பறை. போகவர நேரம் எழுதி வைப்பதை நிறுத்தவேண்டும் என்று கமிட்டி கேட்டது. அதற்கே பாதி மத்தியானம் போயிற்று. ஜெரூஷா முடியாது என்றாள், பார்க்கலாம் என்றாள், கடைசியில் சரி என்றாள். தண்ணீரைக் குடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற?"

"பஸ்ஸு," என்றாள் கோகிலவாணி. "மெயின் ரோட்லயே எறக்கி வுட்டுட்டுப் போயிடறான். பொண்ணுங்க முட்டிக்கால் தண்ணியில நடந்து வருதுங்க. ஊருக்குள்ள வரணும்."

"அதுக்குச் சான்ஸே இல்ல," என்று ஜெரூஷா எழுந்தாள்.

"உக்காரு, பேசலாம்," என்று சொல்லி கோகிலவாணி நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.